காரில் ஊருக்குப் போகும்போது பயன்படுத்த, குறைந்த விலையில் எந்த டேப்லெட் வாங்கலாம்?

வழி பார்ப்பதற்கு என்றால் முதலில் ஜிபிஎஸ் இருக்கிறதா என்று பாருங்கள். வைஃபை மட்டும் உள்ள மலிவு டேப்லெட்கள் பலவற்றில் அது கிடையாது. நான் அப்படி ஒன்றை வாங்கினேன். செங்கல்பட்டு தாண்டியும் மேப்பில் நீலப்புள்ளி தாம்பரத்திலேயே நின்றது. சிம் போடும் மாடலில் பெரும்பாலும் ஜிபிஎஸ் இருக்கும், கொஞ்சம் கூடுதலாகச் செலவானாலும் அதையே வாங்குங்கள். அப்புறம் திரை வெளிச்சம்: 400 நிட்ஸாவது வேண்டும், குறைந்தால் ஜிஎஸ்டி சாலை வெயிலில் மேப்பே தெரியாது.

பிள்ளைகள் படம் பார்க்க மட்டும்தான் என்றால் வைஃபை மாடலே போதும். படங்களை வீட்டிலேயே இறக்கிக்கொள்ள மெமரி கார்டு வசதி இருக்கட்டும்.

தயவுசெய்து, நிறுத்திய காரின் டேஷ்போர்டில் மட்டும் அதை விட்டுவிடாதீர்கள். சித்திரை வெயிலில் பேட்டரி உப்பிவிடக்கூடும்.