எல்லா கிளாஸுக்கும் ஒரே சிங்கிள்டன் போதுமா?

கேள்வி: சி ஷார்ப்பில் ஒரு பில்லிங் மென்பொருள் எழுதுகிறேன். லாக், செட்டிங்ஸ், பிரின்டர் என்று மூன்று கிளாஸ்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு ஆப்ஜெக்ட்தான் இருக்க வேண்டும். இப்படி ஒரே ஆப்ஜெக்டை மட்டும் அனுமதிக்கும் சிங்கிள்டன் கோடை மூன்று இடத்தில் எழுதாமல், மூன்றும் இன்ஹெரிட் செய்துகொள்ளும்படி எந்த டைப்புக்கும் பொருந்தும் ஜெனரிக் பேஸ் கிளாஸ் ஒன்று வைத்துக்கொள்ளலாமா? டைப்பை நியூ போட்டு உருவாக்க முடிய வேண்டும் என்று சொல்லும் நியூ கன்ஸ்ட்ரெயின்ட் போட்டுப் பார்த்தேன். கன்ஸ்ட்ரக்டரை பப்ளிக் ஆக்கச் சொல்லி எரர் வருகிறது.

பதில்: தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த எரரைத் தீர்ப்பதற்காக கன்ஸ்ட்ரக்டரை பப்ளிக் ஆக்கிவிடாதீர்கள். ஆக்கினால், யார் வேண்டுமானாலும் நியூ போட்டு இரண்டாவது லாக் ஆப்ஜெக்டை உருவாக்கிவிடுவார்கள். அப்புறம் சிங்கிள்டன் எங்கே இருக்கிறது?

கன்ஸ்ட்ரெயின்டை எடுத்துவிடுங்கள். பேஸ் கிளாஸில், முதல்முறை கேட்கும்போது மட்டும் ஆப்ஜெக்டை உருவாக்கும் லேசி வகையில் ஒரு ஸ்டேடிக் ஃபீல்ட் வையுங்கள். அதற்குக் கொடுக்கும் ஃபங்ஷனில், டைப்பைச் சொன்னால் ஆப்ஜெக்ட் உருவாக்கித் தரும் ஆக்டிவேட்டர் கிளாஸின் கிரியேட் இன்ஸ்டன்ஸ் மெத்தடைக் கூப்பிட்டு, இரண்டாவது ஆர்கியுமென்டாக ட்ரூ கொடுங்கள். பிரைவேட் கன்ஸ்ட்ரக்டரையும் அது இயக்கும். ஜெனரிக் கிளாஸின் ஸ்டேடிக் ஃபீல்ட் ஒவ்வொரு டைப்புக்கும் தனித்தனியாக உருவாகும் என்பதால் லாக்கும் செட்டிங்ஸும் கலந்துவிடாது. இரண்டு திரெட் ஒரே நேரத்தில் கேட்டாலும் ஒரு ஆப்ஜெக்ட்தான் பிறக்கும். டாட்நெட் 4-இல் வந்த லேசி, பூட்டு வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது.

இனி, இதில் கவனிக்க வேண்டியவை. சி ஷார்ப்பில் ஒரு கிளாஸுக்கு ஒரு பேஸ் கிளாஸ்தான். அந்த இடத்தை சிங்கிள்டன் பிடித்துக்கொண்டால் பிரின்டர் வேறு எதையும் இன்ஹெரிட் செய்ய முடியாது. செட்டிங்ஸ் கிளாஸை எழுதும்போது, லாக்கின் முதல் வரியை காப்பி செய்து பெயரை மட்டும் மாற்றி, பேஸ் கிளாஸ் பெயருக்குப் பின் கோண அடைப்புக்குள் இருக்கும் லாக்கை மாற்ற மறந்தீர்கள் என்றால் கம்பைலர் வாயே திறக்காது. செட்டிங்ஸின் இன்ஸ்டன்ஸைக் கேட்டால் லாக் ஆப்ஜெக்ட் வந்து நிற்கும்.

இன்னொன்று, கடையில் ஓடும் மென்பொருளுக்கு மிகவும் முக்கியம். காலையில் பிரின்டர் கேபிளைச் செருகாமல் மென்பொருளைத் திறக்கிறார்கள் என்று வையுங்கள். கன்ஸ்ட்ரக்டரில் எக்ஸெப்ஷன் வரும். லேசி அதை அப்படியே நினைவில் வைத்துக்கொண்டு, கேபிளைச் செருகிய பிறகும் ஒவ்வொரு முறையும் அதே எக்ஸெப்ஷனையே திருப்பித் தரும். மென்பொருளை மூடித் திறந்தால்தான் சரியாகும். அதனால் பிரின்டரைத் திறக்கும் வேலையை கன்ஸ்ட்ரக்டரில் வைக்காமல் தனி மெத்தடில் வையுங்கள்.

என்னைக் கேட்டால், மூன்று கிளாஸுக்காக இந்தப் பேஸ் கிளாஸ் வேண்டாம். லேசி இருப்பதால் ஒவ்வொன்றிலும் மிச்சமாவது மூன்றே வரிதான். அதைவிட நல்ல வழி, மூன்றையும் சாதாரண கிளாஸாக எழுதி, தேவையான ஆப்ஜெக்டுகளை உருவாக்கிக் கொடுக்கும் டாட்நெட்டின் டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன் கன்டெய்னரில் ஆட் சிங்கிள்டன் என்று பதிவு செய்வது. டெஸ்க்டாப் மென்பொருளிலும் அந்த கன்டெய்னருக்கான பேக்கேஜைச் சேர்த்துக்கொள்ளலாம். கேட்கும்போதெல்லாம் கன்டெய்னர் அதே ஆப்ஜெக்டைத் தரும். டெஸ்ட் எழுதும்போது நிஜப் பிரின்டருக்குப் பதில் ஒரு போலிப் பிரின்டரைக் கொடுத்து, பில் சரியாக வருகிறதா என்று காகிதம் செலவில்லாமல் பார்க்கலாம். இந்த ஒரு வசதிக்காகவே நான் இதைச் சொல்வேன். 1994-இல் வந்த டிசைன் பேட்டர்ன்ஸ் நூலில் சிங்கிள்டனைச் சேர்த்த நால்வரில் ஒருவரான எரிக் காமாவே, 2009-இல் ஒரு பேட்டியில், பட்டியலிலிருந்து அதை நீக்கிவிடலாம் என்றார்.

கேள்வி: சிங்கிள்டனுக்குப் பதில் ஸ்டேடிக் கிளாஸ் போட்டால் என்ன?

பதில்: ஸ்டேடிக் கிளாஸ் இன்டர்ஃபேஸை இம்ப்ளிமென்ட் செய்யாது, ஒரு மெத்தடுக்கு ஆர்கியுமென்டாகவும் அதை அனுப்ப முடியாது. பிரின்டருக்கு இரண்டுமே தேவைப்படும். ஜிஎஸ்டி கணக்கிடுவது, தொகையை ரவுண்ட் செய்வது மாதிரி எதையும் நினைவில் வைக்கத் தேவையில்லாத வேலைகளுக்கு ஸ்டேடிக் கிளாஸ் போதும். டாட்நெட்டின் மேத் கிளாஸும் அந்த ரகம்தான்.