கோட்பாடு ஒரு பக்கம், களத்தரவு ஒரு பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் உறவினர் வழியாக வேலை தேடிக்கொள்வது பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். சமூக மூலதனம் (உறவுகள், தொடர்புகள் வழியாகக் கிடைக்கும் பலம்) பற்றி 70 பக்கத்தில் ஓர் இயல் எழுதிவிட்டேன். 40 நேர்காணல்களும் கையில் உள்ளன. இரண்டும் ஒட்டவில்லை என்கிறார் நெறியாளர். எதைக் குறைப்பது?

பதில்: குறைப்பது பிறகு. முதலில், யாருடைய சமூக மூலதனம் என்று முடிவு செய்யுங்கள். பிரெஞ்சு சமூகவியலாளர் பூர்தியூவுக்கு அது சிலரிடம் சேர்ந்து ஏற்றத்தாழ்வை நிலைக்கவைக்கும் வளம். அமெரிக்க அரசியல் அறிஞர் பட்னமுக்கு, ஒரு சமூகத்துக்குள் நிலவும் பரஸ்பர நம்பிக்கை. "மாமா சொல்லி வேலை கிடைத்தது" என்று ஒருவர் சொன்னால், முன்னவர் வழியில் மாமா இல்லாதவர் என்ன ஆனார் என்று கேட்க வேண்டும். பின்னவர் வழியில், மாமாவின் வாக்கை முதலாளி ஏன் நம்பினார் என்று கேட்க வேண்டும். இருவரையும் அருகருகே விளக்கிவிட்டு எந்தக் கேள்வியும் எழுப்பாமல் நகர்ந்தால் தரவோடு ஒட்டாது.

அடுத்து, அந்த இயலை மூடிவையுங்கள். ஒன்றுக்கொன்று மாறுபட்ட 5 நேர்காணல்களை எடுத்து, பேசியவரின் சொற்களிலேயே ஓரக்குறிப்பு எழுதுங்கள். 'வலைப்பின்னல்' என்ற சொல்லோடு படிக்கத் தொடங்கினால் வலைப்பின்னல் மட்டுமே கண்ணில் படும். 'வேலை வாங்கித் தந்தவரை எதிர்த்துப் பேச முடியாது' என்பது போன்ற குறிப்புகளே மதிப்புள்ளவை.

பிறகு மூன்று நெடுவரிசையில் ஓர் அட்டவணை போடுங்கள்: கருத்தாக்கம், அது சரியென்றால் களத்தில் தெரிய வேண்டியது, உண்மையில் தெரிந்தது. மூன்றாம் நெடுவரிசை காலியாக இருந்தால், அது ஏன் தென்படவில்லை என்று யோசியுங்கள். அந்தக் கருத்தாக்கத்துக்கு உங்கள் ஆய்வுக் கேள்வியோடு தொடர்பே இல்லை என்றால் தயங்காமல் நீக்குங்கள். மூன்றாவதில் வந்தும் முதல் நெடுவரிசையில் இடமில்லாதவைதான் உங்கள் பங்களிப்பு. உறவினர் உதவியை மறுத்தவர் யாராவது இருந்தால் அவரை அடிக்குறிப்பில் ஒதுக்காதீர்கள். முழு வாதமும் அவரால் கூர்மையாகலாம்.

ஒவ்வொரு மேற்கோளுக்குப் பின்னும் குறைந்தது அதே அளவுக்கு உங்கள் பகுப்பாய்வு வேண்டும். "இதிலிருந்து சமூக மூலதனம் புலனாகிறது" என்பது பகுப்பாய்வு அல்ல. தரவு இயல்களை முடித்தபின் கோட்பாட்டு இயலைத் திருத்தி எழுதுங்கள். பக்கங்கள் அப்போது தானாகவே குறையும்.

கேள்வி: கோட்பாட்டை விட்டுவிட்டு, 'கிரவுண்டட் தியரி' (தரவிலிருந்தே கோட்பாட்டை உருவாக்கும்) முறை என்று சொல்லிக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. 1967-இல் சமூகவியலாளர்கள் கிளேசரும் ஸ்ட்ராஸும் முன்வைத்த அந்த முறையில் தரவு சேகரிப்பும் பகுப்பாய்வும் சேர்ந்தே நடக்கும். அடுத்து யாரைச் சந்திப்பது என்பதையே முந்தைய பகுப்பாய்வுதான் தீர்மானிக்கும். 40 நேர்காணலையும் முடித்துவிட்டுப் பெயரை மட்டும் ஒட்டினால், வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அங்கிருந்துதான் வரும்.