ஹன்ஷி தாளில் மை பரவுகிறதா?

கேள்வி: ஜப்பானியத் தூரிகை எழுத்தான ஷோடோ பழகுகிறேன். ஹன்ஷி என்னும் மெல்லிய பயிற்சித் தாளில் தூரிகை பட்ட இடமெல்லாம் மை பரவி, கோடு வீங்கிவிடுகிறது. மையைக் கெட்டியாக்கினால் பாதிக் கோட்டிலேயே வறண்டுபோகிறது. எதை மாற்ற வேண்டும்?

பதில்: மையை மாற்றும் முன் தூரிகையைப் பாருங்கள். கழுவிய ஈரத்தோடு எழுதத் தொடங்கினால், மயிரின் அடியில் தேங்கிய நீர் எழுத எழுத நுனிக்கு இறங்கி மையை நீர்க்கச் செய்யும். முதலில் துணியில் ஒற்றி ஈரத்தை எடுங்கள். பிறகு அடிவரை மை ஏற்றி, மை உரைக்கும் கல்லான மைக்கல்லின் விளிம்பில் இருபுறமும் வழித்து, நுனியைக் கூராக்குங்கள். நுனியை மட்டும் நனைத்தால் கோடு பாதியில் வறளும்; வழிக்காமல் எழுதினால் வீங்கும். உங்கள் இரண்டு சிக்கலும் பெரும்பாலும் இங்கேதான்.

மைக்கட்டியை உரைப்பதில் அவசரம் கூடாது. கல்லின் மேட்டில் அரைத் தேக்கரண்டி நீர் விட்டு, அழுத்தாமல் வட்டமாக உரையுங்கள். அழுத்தினால் துகள் பருத்து, கருமை மங்கும். கட்டி நகர்ந்த தடத்தில் கல் தெரிந்து, மை மெல்ல வந்து மூடினால் பதம் சரி. அதைப் பள்ளத்தில் தள்ளிவிட்டு, மீண்டும் நீர் விட்டு உரையுங்கள்.

நேற்றைய மை வேண்டாம். மை என்பது புகைக்கரியும் விலங்குப் பசையும் சேர்ந்தது. பசை கெட்டால் கரியைப் பிடித்து வைக்காது. நீர் தனியே பிரிந்து கோட்டைச் சுற்றி வளையமாகப் பரவும். வெயில் காலத்தில் பசை விரைவில் கெடும் என்பதால்தான் ஜப்பானின் நாரா நகரில் மைக்கட்டியைக் குளிர்காலத்தில் செய்கிறார்கள்.

தாளின் வழவழப்பான பக்கம் மேலே இருக்கட்டும். அடியில் கம்பளி விரிப்பு அவசியம். கோட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் தூரிகை தேவைக்கு மேல் நின்றால் அங்கே மை ஊறும்.

பரவலை அறவே ஒழிக்கப் பார்க்காதீர்கள். நிஜிமி எனப்படும் அந்தக் கசிவு இந்தக் கலையின் அழகுகளில் ஒன்று. வெளிர் மையில் எழுதிப் பாருங்கள்: கோட்டின் நடுவே கரிய தண்டு, சுற்றிலும் மங்கிய கசிவு. இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தில் முதலில் போட்ட கோடுதான் மேலே கிடப்பதுபோலத் தெரியும். முதல் மை இழைகளை ஏற்கெனவே நிரப்பிவிட்டதால் அடுத்த மைக்கு அங்கே இடமில்லை. ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்தபின் வெளிறும். அதனால் அதே தாளின் துண்டில் எழுதிக் காயவைத்து, அதன்பிறகே அடர்த்தியை முடிவு செய்யுங்கள்.

எழுதியதைச் சட்டமிட, பின்புறம் ஈரப்பசையால் இன்னொரு தாள் ஒட்டுவார்கள். குறைந்தது ஒரு வாரம் காயவிட்டு அனுப்புங்கள்; அரைகுறையாகக் காய்ந்த மை அந்த ஈரத்தில் கரைந்து ஓடிவிடும்.