அங்கீகாரம் இல்லாத பள்ளி: மகளின் படிப்பு வீணாகுமா?

நான்காம் வகுப்பில் மகளைச் சேர்த்த பிறகுதான் பள்ளிக்கு அங்கீகாரம் இல்லை என்று கேள்விப்பட்டதாகவும், பள்ளி மாற்றுச் சான்றிதழ் தர மறுப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். பயப்படாதீர்கள், படிப்பு வீணாகாது.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. அதனால் பக்கத்து அரசுப் பள்ளிக்கோ அரசு உதவி பெறும் பள்ளிக்கோ இப்போதே போய்க் கேளுங்கள்.

'அரசு பதிவு பெற்றது' என்று பலகையில் இருந்ததாகச் சொன்னீர்களே, நிறையப் பெற்றோர் ஏமாறுவது அங்கேதான். அது பெரும்பாலும் நடத்தும் அறக்கட்டளையின் பதிவாக இருக்கும். பள்ளி அங்கீகாரம் வேறு. கணக்கெடுப்புக்காகப் பள்ளிகளுக்கு அரசு தரும் யூடைஸ் (UDISE) எண்ணும் அங்கீகாரம் ஆகாது. அங்கீகாரமற்ற பள்ளிகளுக்கும் அந்த எண் உண்டு. அங்கீகார ஆணையையே கேளுங்கள். எந்த வகுப்பு வரை, எந்தத் தேதி வரை என்று அதில் பாருங்கள்.

காட்ட மறுத்தால் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தினால் அதே சட்டத்தின் 18ஆம் பிரிவில் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், தொடர்ந்து நடத்தினால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் வரை. கட்டண ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். அப்புறம், மகள் முன்னால் இதைப் பேச வேண்டாம். அவளுக்கு அது இன்னும் அவளுடைய பள்ளிதான்.