ஒடிந்த ஷாஃப்ட் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் குளச்சலைச் சேர்ந்தவள். பொருளறிவியல் பொறியியலில் எம்.டெக். கடைசிப் பருவம் படிக்கிறேன். கோவையில் பம்பு உதிரிகளை வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. அதே நேரத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்கும் இடம் வந்திருக்கிறது. உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். தலைப்பு முடிவாகவில்லை, சேர்ந்த பிறகு வழிகாட்டி தருவார் என்கிறார்கள். பெண்ணுக்கு உலைக்கூடம் எதற்கு, ஆய்வை முடித்துவிட்டுக் கல்லூரி வேலைக்குப் போ என்கிறார் அம்மா. அப்பா எதுவும் சொல்வதில்லை. போன வருடம் தங்கலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போன இடத்தில் அவருடைய விசைப்படகின் ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டான ஷாஃப்ட் ஒடிந்தது. எஞ்சினை அளவுக்கு மீறி ஓட்டியதால்தான் என்று பட்டறையில் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் பேச்சே குறைந்துவிட்டது. ஒரு பாதி ப்ரொப்பெல்லரோடு கடலுக்குள் போய்விட்டது. மறுபாதி எங்கள் திண்ணையில் கிடக்கிறது. படம் இணைத்திருக்கிறேன்.

கல்வித்துறையா, தொழிற்துறையா? எனக்கு எது நல்லது?

குளச்சலிலிருந்து ஒரு மாணவி
(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள மாணவிக்கு,

முதலில் படத்தைப் பற்றிப் பேசுகிறேன். பெரிதாக்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒடிந்த முகத்தில், சாவிப்பள்ளத்தின் (ஷாஃப்ட்டில் இணைப்புச் சாவி உட்காரும் பள்ளம்) மூலையை ஒட்டி, மிளகு அளவில் ஒரு துருக்குழி இருக்கிறது. அங்கிருந்து வில் வில்லாகக் கோடுகள் கிளம்பி, முகத்தின் பெரும்பகுதியை மூடியிருக்கின்றன. அலை பின்வாங்கும்போது ஈரமணலில் என்ன விட்டுச்செல்லும் என்பதைக் குளச்சலில் பிறந்தவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் துறையிலும் இவற்றுக்குக் கடற்கரைக் கோடுகள் என்றுதான் பெயர். விரிசல் ஒரே நாளில் ஓடவில்லை. ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. கடைசியில் மிஞ்சிய பகுதியால் சுமையைத் தாங்க முடியாதபோதுதான் ஷாஃப்ட் இரண்டானது. அந்தக் கடைசிப் பகுதி சொரசொரப்பாக, ஓர் ஓரத்தில், கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிதாக இருக்கிறது. அளவுக்கு மீறிய சுமையால் ஒடிந்திருந்தால் அது முகத்தின் பாதியையாவது பிடித்திருக்கும்.

படத்தை மட்டும் வைத்து முடிவான தீர்ப்பு சொல்லக் கூடாது. ஆனாலும் உங்கள் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: அவர் எஞ்சினை விரட்டியதால் இது ஒடிந்ததாக எனக்குத் தோன்றவில்லை. காற்றில் சுழலும் எஃகுத் தண்டுக்கு, இந்தச் சுமைக்குக் கீழே எத்தனை கோடி முறை சுழன்றாலும் ஒடியாது என்று ஓர் எல்லை உண்டு. உப்புநீரில் அந்த எல்லை இல்லாமல் போய்விடுகிறது. உப்பிலுள்ள குளோரைடு குழி பறிக்கிறது, அந்தக் குழியில் விரிசல் வேர்விடுகிறது. மாதக்கணக்கில் உள்ளே வளர்ந்த நோய் இது. ஒடிந்த நாளன்று படகை யார் எப்படி ஓட்டினார்கள் என்பது இதில் மிகச் சிறிய விஷயம்.

இனி உங்கள் கேள்வி. உங்கள் வயதில் நான் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். துத்தநாக முலாம் பூசிய உயர்வலிமை போல்ட்டுகளை மாலையில் முறுக்கிவிட்டுப் போவோம். காலையில் வந்தால் நான்கைந்து போல்ட்டுகளின் தலைகள் தரையில் கிடக்கும். இரவில் யாரும் அவற்றைத் தொடவில்லை. எஃகு தரமற்றது என்று அறிக்கை எழுதினேன். முலாம் பிரிவில் இருந்த வயதான தொழிலாளி ஒருவர் அதைக் கேட்டுவிட்டு என்னிடம் வந்தார். “தம்பி, இந்த லாட்டு அமிலத்தொட்டியில் அதிகநேரம் கிடந்தது. அடுப்பிலும் வைக்கவில்லை” என்றார். ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கச் செய்யும் என்பதை நான் தேர்வில் இரண்டு பக்கம் எழுதி மதிப்பெண் வாங்கியவன். அது என் கண்ணெதிரே நடந்தபோது எனக்குத் தெரியவில்லை, அவருக்குத் தெரிந்தது. முலாம் பூசிய சில மணி நேரத்துக்குள் 200 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்கி ஹைட்ரஜனை வெளியேற்றும் வேலையை அதன்பின் ஒழுங்காகச் செய்யத் தொடங்கினோம். தலைகள் விழுவது நின்றது.

ஆனால் அந்த ஹைட்ரஜன் எஃகுக்குள் எங்கே போய் ஒளிகிறது, ஏன் சில மணி நேரம் காத்திருந்து உடைக்கிறது என்று கேட்கத் தொழிற்சாலையில் நேரம் கிடையாது. மாலைக்குள் லாரி கிளம்பியாக வேண்டும். அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டுதான் நான் ஆய்வுக்குப் போனேன். ஒரே கேள்வியோடு நான்கு ஆண்டுகள் உட்கார அனுமதிக்கும் இடம் உலகத்தில் அது ஒன்றுதான். அதன் அருமையை நான் ஒருபோதும் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே மணவாளக்குறிச்சி இருக்கிறது. அங்கே மணல் ஆலையில் காந்தத்தையும் மின்புலத்தையும் கொண்டு கருமணலிலிருந்து இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், மோனசைட் என்று கனிமங்களைப் பிரிக்கிறார்கள். மோனசைட்டில் தோரியத்தோடு நியோடிமியம் என்ற உலோகமும் உண்டு. இன்று உலகின் மிக வலிமையான நிரந்தரக் காந்தம் அந்த நியோடிமியத்தோடு இரும்பும் போரானும் சேர்ந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் ஜப்பானின் மசாட்டோ சகாவா. டாக்டர் பட்டம் வாங்கியவர், ஆனால் வேலை பார்த்தது நிறுவனத்தில். அங்கே இந்த யோசனைக்கு ஆதரவு கிடைக்காததால் 1982இல் வேறு நிறுவனத்துக்கு மாறி, அங்கே அந்தக் காந்தத்தைச் செய்து முடித்தார். லித்தியம் அயனி பேட்டரிக்காக 2019இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் விட்டிங்ஹாம் எண்ணெய் நிறுவனத்தில் தொடங்கிப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர், யோஷினோ வேதிப்பொருள் நிறுவனத்து ஆள், குட்எனஃப் தன் பங்கைச் செய்தது ஆக்ஸ்ஃபோர்டில். நீங்கள் கேட்ட இரண்டு துறைகளுக்கும் நடுவே இருக்கும் வேலி இந்த வேலையில் அத்தனை உயரமில்லை.

ஆகவே என் கருத்து: கோவைக்குப் போங்கள். நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்தியது உதவித்தொகை அல்ல, தலைப்பு இல்லை என்பதுதான். கேள்வி இல்லாமல் ஆய்வில் சேர்ந்தவர்கள் அடுத்தவர் கேள்விக்கு ஐந்து ஆண்டு உழைத்து, ஐந்தாவது ஆண்டில் களைத்துப்போவதை நான் வகுப்பறையின் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். கோவையில் இரண்டு, அதிகம் போனால் மூன்று ஆண்டுகள் இருங்கள்; பிறகு உங்கள் கேள்வியோடு ஆய்வுக்குத் திரும்புங்கள். கேட் (GATE) தேர்வு மதிப்பெண் வைத்திருந்தால் அது மூன்று ஆண்டுகள் செல்லும். அதற்கு மேல் இருந்தால் சம்பளம் ஏறும், பதவி வரும், வீட்டில் கல்யாணப் பேச்சு வரும், திரும்புவது கடினம். திரும்பும் தேதியைச் சேருவதற்கு முன்பே குறித்து வையுங்கள்.

அம்மாவிடம் நான் பேசத் தயார். உலைக்கூடத்தில் வெப்பமும் தூசியும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். இரவு ஷிப்ட் உண்டா, தங்குமிடமும் பயணமும் எப்படி, பெண்கள் ஏற்கெனவே அந்தப் பிரிவில் இருக்கிறார்களா என்பதைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கல்லூரி வேலை தயாராகக் காத்திருக்கிறது என்ற எண்ணமும் சரியல்ல. நம் மாவட்டத்துப் பொறியியல் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றில் உலோகவியல் துறையே கிடையாது. இயந்திரவியல் துறையில் ஒரு மூலையில் இடம் கிடைத்தால் உண்டு. அப்படிக் கிடைத்தாலும், உடைந்த போல்ட்டைக் கையில் எடுத்துப் பார்த்தவர் நடத்தும் வகுப்புக்குப் பிள்ளைகள் விழித்திருப்பார்கள்.

கோவையில் நீங்கள் பார்க்கப்போவது பம்பு. பம்புக்கும் ஷாஃப்ட் உண்டு, அதுவும் தண்ணீருக்குள் சுழல்கிறது, அதுவும் ஒடிகிறது. திரும்பி வரும் உடைந்த ஷாஃப்ட்டுகளைப் பழைய இரும்புக்குப் போடும் முன் உங்களிடம் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் தேதி, எந்தக் கிணற்றுத் தண்ணீர், எத்தனை மாதம் ஓடியது, விரிசல் எங்கே தொடங்கியது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள்.

திண்ணையில் கிடப்பதை இன்றே உள்ளே எடுத்து வையுங்கள். ஒடிந்த முகத்தைக் கம்பித் தூரிகையால் தேய்க்க வேண்டாம், விரலாலும் தடவ வேண்டாம். நல்ல தண்ணீரில் உப்பு போக மெதுவாகக் கழுவி, உடனே உலர்த்தி, மெல்லிய எண்ணெய் பூசி, சுத்தமான துணியில் சுற்றுங்கள். அதற்கு முன் அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்தத் துருக்குழியையும் கோடுகளையும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.