அடைப்பு இல்லை, ஆனாலும் மூச்சு வாங்குகிறதே!

கேள்வி: எனக்கு வயது 54. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும், நான்கு ஆண்டுகளாக இரத்த அழுத்தமும் இருக்கின்றன. சில மாதங்களாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மாலையில் கணுக்கால் வீங்குகிறது. ஆஞ்சியோகிராமில் அடைப்பு இல்லை. எக்கோவில் பம்பிங் 60 சதவீதம், நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆனால் அறிக்கையின் அடியில் ‘முதல் நிலை டயஸ்டாலிக் குறைபாடு’ என்று எழுதியிருக்கிறது. அடைப்பே இல்லாதபோது சர்க்கரை இதயத்தை எப்படிப் பாதிக்கும்? மறுபடியும் ஆஞ்சியோகிராம் எடுக்க வேண்டுமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, ஆஞ்சியோகிராம் காட்டுவது இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெரிய குழாய்களை மட்டுமே. அந்த இரத்தத்தைப் பெற்று உழைக்கும் தசை எந்த நிலையில் இருக்கிறது என்பது அதில் தெரியாது. இதயச் செயலிழப்பால் இறந்த நான்கு சர்க்கரை நோயாளிகளுக்குக் குழாய்களில் பெரிய அடைப்பு இல்லாமலேயே இதயத்தசை தடித்து, நார் படிந்திருந்ததை ஷர்லி ரூப்ளர் தலைமையிலான மருத்துவர்கள் 1972-இலேயே பதிவு செய்திருக்கிறார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளில் வெளியான அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஆய்வு, சர்க்கரை நோய் உள்ள ஆண்களுக்கு இதயச் செயலிழப்பு இரண்டு மடங்குக்கு மேலும், பெண்களுக்கு ஏறத்தாழ ஐந்து மடங்கும் அதிகமாக வருவதைக் காட்டியது.

இதயம் சுருங்குவதற்குத்தான் ஆற்றல் வேண்டும், தளர்வது தானாக நடந்துவிடும் என்றே பலரும் எண்ணுகிறோம். அது சரியன்று. ஒவ்வொரு துடிப்பிலும் தசையணுவுக்குள் பரவிய கால்சியத்தை மறுபடியும் அதன் சேமிப்பறைக்குள் இறைத்து அனுப்பினால்தான் தசை தளரும். அந்த இறைப்புக்கு ஆற்றல் செலவாகும். இயல்பான இதயம் தன் ஆற்றலில் சுமார் 60 முதல் 70 சதவீதத்தைக் கொழுப்பு அமிலங்களிலிருந்தும், மீதியில் பெரும்பகுதியைக் குளுக்கோஸிலிருந்தும் பெறுகிறது. தேவைக்கேற்ப ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறிக்கொள்ளவும் செய்கிறது. இன்சுலின் சரிவர வேலை செய்யாதபோது இந்த மாற்றும் திறன் குறைந்து, இதயம் கொழுப்பையே மிகுதியாக எரிக்கத் தொடங்குகிறது. அதே அளவு ஆற்றலைப் பெறக் கொழுப்புக்குக் கூடுதல் ஆக்சிஜன் வேண்டும். எரியாமல் எஞ்சிய கொழுப்போ தசையணுவுக்குள் தேங்கி, ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுக்கிறது. இதற்கிடையே, இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை தசைநடுவில் உள்ள கொலாஜன் இழைகளில் ஒட்டி, அவற்றை ஒன்றோடொன்று பிணைத்து விறைப்பாக்குகிறது. உயர் இரத்த அழுத்தம் இதயச் சுவரைத் தடிக்கச் செய்கிறது.

விறைத்த இதயம் சுருங்குவதில் குறை வைக்காது. விரிந்து நிரம்புவதில்தான் குறை வைக்கும். உங்கள் அறிக்கை ‘டயஸ்டாலிக் குறைபாடு’ என்று சொல்வது இதைத்தான். பம்பிங் சதவீதம் என்பது நிரம்பிய இரத்தத்தில் எவ்வளவு பங்கு வெளியேறியது என்பதன் கணக்கு. 100 மில்லி நிரம்பி 60 வெளியேறினாலும், 80 மில்லி மட்டுமே நிரம்பி 48 வெளியேறினாலும் அறிக்கையில் 60 சதவீதம் என்றே வரும். படி ஏறும்போது துடிப்பு வேகமாகி, நிரம்புவதற்கான நேரம் சுருங்குகிறது. உள்ளே போக முடியாத இரத்தத்தின் அழுத்தம் நுரையீரல் பக்கம் திரும்புவதால் மூச்சு வாங்குகிறது.

ஆனாலும் அறிக்கையின் அந்த ஒரு வரியைப் பார்த்து அஞ்ச வேண்டாம். உங்கள் வயதில் எந்தத் தொல்லையும் இல்லாதவர்களுக்கும் அது வருவதுண்டு. மூச்சிரைப்பும் வீக்கமும் சேர்ந்திருப்பதால்தான் மேலும் பார்க்க வேண்டியிருக்கிறது. அழுத்தத்துக்கு நீங்கள் அம்லோடிபின் சாப்பிடுகிறீர்கள் என்றால், கணுக்கால் வீக்கம் அந்த மாத்திரையாலேயே வந்திருக்கலாம். இரத்தசோகை, தைராய்டு, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் ஆகியவற்றையும் பார்த்துவிட வேண்டும். இதயத்துக்கு என்டி-புரோபிஎன்பி என்ற இரத்தப் பரிசோதனை உதவும். அளவு ஒரு மில்லிக்கு 125 பிக்கோகிராமுக்கு மேல் இருந்தால் இதயநோய் மருத்துவர் தொடர்ந்து ஆராய்வார். உடல் பருமன் உள்ளவர்களுக்கு இந்த அளவு குறைத்தே காட்டும் என்பதையும் அவர் கணக்கில் கொள்வார்.

உங்கள் சர்க்கரை மாத்திரை அட்டையின் பின்புறத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். நம் நாட்டில் மூன்று மருந்துகளைச் சேர்த்து விற்கும் மாத்திரைகள் பலவற்றில் பயோகிளிட்டசோன் இருக்கிறது. அது உடலில் நீரைத் தேக்கக்கூடியது. இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்குக் கொடுக்கக் கூடாதது. நீங்களாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். மாறாக, சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்றவை இதயத்துக்கு நேரடியாக நன்மை செய்கின்றன. 2015-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், எம்பாகிளிஃப்ளோசின் எடுத்தவர்கள் இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்வது 35 சதவீதம் குறைந்தது. பம்பிங் நன்றாக உள்ளவர்களுக்கும் பலன் உண்டு என்பது 2021-இல் உறுதியாயிற்று. சர்க்கரையைக் கடுமையாகக் குறைப்பதால் மட்டும் இந்தப் பலன் கிட்டியதில்லை. பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று இம்மருந்துகளின் வழக்கமான தொல்லை. நாள் முழுதும் பட்டினி விரதம் இருக்கும்போதும், அறுவைச் சிகிச்சைக்குச் சில நாட்கள் முன்பும் இவற்றை நிறுத்துவது பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

உடல் பருமனை அறிய இடுப்புச் சுற்றளவையும் அளந்து பாருங்கள்; நம் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர்தான் எல்லை.

மறுபடியும் ஆஞ்சியோகிராம் இப்போது தேவையிருக்காது. வேண்டுமானால் உடற்பயிற்சியின்போது எடுக்கும் எக்கோவைப் பற்றிக் கேளுங்கள். ஆனால் படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியிருந்தாலோ, இரண்டு மூன்று நாட்களில் எடை இரண்டு கிலோ கூடினாலோ, அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.