கிடாரிக்குக் கருப்பை வாய் திறக்க ஊசி போடலாமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். வீட்டில் ஒரு கலப்பின ஜெர்சி கிடாரி இருக்கிறது, தலை ஈத்து. சினை ஊசி போட்டு 277 நாள் ஆகிறது. மடி நன்றாக விட்டிருக்கிறது. நான்கு நாளாகக் கண்ணாடி மாதிரி கோழை தொங்குகிறது. நேற்றிலிருந்து வாலடியில் இரண்டு பக்கமும் குழி விழுந்திருக்கிறது. ஆனால் வலி எடுக்கவில்லை. 'கருப்பை வாய் திறக்கலை, ஊசி போட்டால் திறந்துவிடும்' என்கிறார் ஊரில் மாடு பார்க்கிறவர். போடலாமா? வாய் திறந்ததை எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: அம்மா, ஊசி வேண்டாம். நீங்கள் சொல்வதெல்லாம் சரியாக நடந்துகொண்டிருக்கும் பிரசவத்தின் அடையாளம். கலப்பினத்துக்கு 280 நாளை ஒட்டித்தான் ஈற்று வரும். ஒரு வாரம் முன்பின் ஆகலாம். நாள் தப்பிப் போகவில்லை.

கருப்பை வாய் என்பது நாம் நினைப்பது போல ஒரு மூடி இல்லை. ஏறக்குறைய நான்கு விரற்கடை நீளமுள்ள கெட்டியான குழாய் அது. உள்ளே மூன்று நான்கு வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று பூட்டினாற்போல் இருக்கும். சினைக் காலம் முழுக்க அதைப் பிசின் மாதிரி கெட்டியான கோழை அடைத்துக்கொண்டிருக்கும். நாள் நெருங்கும்போது அந்தக் கோழைதான் இளகித் தொங்குகிறது. இது பல நாள் தொங்கலாம். அதனால் கோழை வந்துவிட்டது, வாய் திறந்துவிட்டது என்று கணக்குப் போட வேண்டாம்.

திறப்பதற்கு முன் அந்த வாய் பழுக்க வேண்டும். வைக்கோல் பிரி திரிக்கும்போது முதலில் நனைத்துக்கொள்கிறீர்கள் அல்லவா? காய்ந்த வைக்கோலைத் திரித்தால் முறியும், ஈரம் ஏறினால் வளைந்து கொடுக்கும். கருப்பை வாயின் நார்களும் அப்படித்தான். கடைசி நாட்களில் நார்க்கட்டு தளர்ந்து, நீர் ஏறி, விறைப்பு போய் மெத்தென்று ஆகிறது. வாலடிக் குழி விழுவதும் இதே தளர்ச்சிதான்; அங்கே தளர்ந்தவை இடுப்பு எலும்பைக் கட்டியிருக்கும் தசைநார்கள்.

இந்த வேலையைத் தொடங்கி வைப்பது கன்று. வளர்ச்சி முடிந்த கன்றின் உடம்பில் கார்டிசால் என்ற ஹார்மோன் கூடுகிறது. அது நஞ்சுக்கொடியைத் தூண்ட, சினையைக் காத்துவந்த புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் குறைந்து ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஏறுகிறது. அப்புறம்தான் வாய் இளகுவதும் வலி எடுப்பதும். கன்று நாள் குறிக்கும் முன் நாம் அவசரப்பட்டால் கெடுதல்தான்.

அவர் சொல்லும் ஊசி எது என்று கேளுங்கள். பெரும்பாலும் ஆக்ஸிடோசினாக இருக்கும். அது வாயைத் திறக்காது. கருப்பையை இறுக்கிப் பிழியும். வாய் மூடியிருக்கும்போது பிழிந்தால் கன்று எங்கே போகும்? கருப்பை கிழியும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இப்படி ஊசி போட்டு, கயிறு கட்டி நான்கு பேர் இழுத்த ஒரு தலை ஈத்துப் பசுவைப் பார்க்கப் போனேன். வாய் கிழிந்து உள்ளே ரத்தம் நிறைந்திருந்தது. மாடும் போனது, கன்றும் போனது. அந்த வீட்டம்மா கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்திருந்தது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

வலி தொடங்கியதும் மாடு படுக்கும், எழும், வாலைத் தூக்கும், தீனி எடுக்காது, அடிக்கடி சிறுநீர் விடும். இந்த நேரத்தில்தான் வாய் விரிகிறது. பழைய மாட்டுக்கு இரண்டிலிருந்து ஆறு மணி நேரம் ஆகும், கிடாரிக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை போகலாம். தண்ணிக்குடம் ஆப்பு மாதிரி உள்ளே நுழைந்து வாயை விரிப்பதால், அதைக் கையால் உடைக்காதீர்கள். முழுக்கத் திறந்துவிட்டால் வளையமே கையில் தட்டாது. கருப்பையும் பிறப்புறுப்பும் ஒரே குழாயாகிவிடும். ஆனால் அதைச் சோதிப்பது மருத்துவர் வேலை. நீங்கள் வெளியிலிருந்து தெரிந்துகொள்ள தண்ணிக்குடமும் அதன் பின்னால் இரண்டு முன்னங்கால் குளம்பும் கண்ணில் பட்டால் போதும்.

கிடாரிக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஆகலாம் என்றாலும், எட்டு மணி நேரம் தவித்தும் தண்ணிக்குடமே வரவில்லை என்றால் மருத்துவரைக் கூப்பிடுங்கள்; கருப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். குடம் உடைந்து ஒரு மணி நேரமாகியும் குளம்பு தெரியவில்லை, அல்லது ஒரு கால் மட்டும் வருகிறது, அல்லது கோழை நாற்றமடிக்கிறது என்றாலும் காத்திருக்கக் கூடாது. மருத்துவர் முறுக்கு என்று சொன்னால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தான்.

இன்னொன்று. மூன்று, நான்கு ஈத்து கண்ட மாடுகளில் சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) குறைந்தாலும் வாய் சரியாகத் திறக்காது. டெல்டாவில் நெல் வைக்கோலை நம்பியே மாடு வளர்க்கிறோம். வைக்கோலில் இருக்கும் ஆக்சலேட் என்ற பொருள் சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்ளும். கிடாரிக்கு இந்தத் தொல்லை அபூர்வம், ஆனால் கொட்டகையில் உள்ள பழைய மாட்டுக்கு இதை நினைவில் வையுங்கள். கால்சியம் பாட்டில் ஏற்றுவதை மருத்துவரே செய்யட்டும், வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும்.

இன்று ராத்திரி கட்டுத்தறியிலிருந்து அவிழ்த்து, காய்ந்த வைக்கோல் பரப்பி, கிடாரியைத் தனியாக விடுங்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை தள்ளி நின்று பாருங்கள். கூட்டம் கூடினால் மாடு வலியை அடக்கிக்கொள்ளும். உங்கள் கால்நடை மருந்தக டாக்டரின் எண்ணை இருட்டுவதற்குள் வாங்கி வையுங்கள். பகலில் 1962 என்ற கால்நடை அவசர உதவி எண்ணுக்கும் கூப்பிடலாம்.